மூன்று செல் பேட்டரி போட்ட படகு அரை நிமிடத்தில் ஏன் நின்றுபோகிறது?

கேள்வியை என் சொற்களில் ஒருமுறை திரும்பச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வைத்திருப்பது 650 மி.மீ. நீளமுள்ள, வி வடிவ அடிப்பகுதி கொண்ட ரேடியோ கண்ட்ரோல் படகு. அதில் 3000 கே.வி. பிரஷ்லெஸ் மோட்டாரும் 60 ஆம்பியர் இ.எஸ்.சி.யும் (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) இருக்கின்றன. இரண்டு செல் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியிலும் 36 மி.மீ. ப்ரொப்பல்லரிலும் நான்கு நிமிடம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த அந்தப் படகில், வேகத்தைக் கூட்டும் எண்ணத்தில், மூன்று செல் பேட்டரியையும் 40 மி.மீ. ப்ரொப்பல்லரையும் ஒரே நாளில் பொருத்தியிருக்கிறீர்கள். பழைய தட்டில் புதிய பேட்டரி அடங்காததால் அதை மோட்டாருக்கு அருகே, பின்னால் தள்ளி வைத்திருக்கிறீர்கள். இப்போது படகு அரை நிமிடம் சீறிப் பாய்ந்துவிட்டு நின்றுவிடுகிறது, சுக்கான் மட்டும் அசைகிறது, ஐந்து நிமிடம் கழித்து மீண்டும் ஓடுகிறது. மோட்டாரில் விரல் வைக்க முடியவில்லை. முழு வேகத்தில் படகு இடமும் வலமுமாக மாறி மாறிச் சாய்ந்து, ஒருமுறை கவிழ்ந்தும் போயிருக்கிறது. 120 ஆம்பியர் இ.எஸ்.சி. வாங்கினால் எல்லாம் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்கு அடியில் இருக்கும் கேள்வி, இவை ஒரே கோளாறா, பல கோளாறுகளா, எந்த இடத்திலிருந்து பிடித்துக்கொண்டு வருவது என்பதுதான் என்று புரிந்துகொண்டு பதில் எழுதுகிறேன்.

மின் மோட்டார்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். மாதிரிப் படகுகள் பதினெட்டு ஆண்டுப் பழக்கம். ஆனால் உங்கள் படகை நான் கையில் எடுத்துப் பார்க்கவில்லை. ஆகவே கணக்கிலிருந்து உறுதியாகச் சொல்லக்கூடியவற்றையும், நீங்கள் சோதித்துப் பார்த்த பிறகே முடிவு சொல்லக்கூடியவற்றையும் பிரித்தே எழுதுகிறேன். பெரிய இ.எஸ்.சி. உங்கள் கோளாறுக்கு மருந்து அல்ல என்பது உறுதி. அதை மாட்டினால் இப்போது இ.எஸ்.சி. தடுத்துக்கொண்டிருக்கும் மின்னோட்டம் தடையின்றிப் பாய்ந்து, அடுத்த முறை மோட்டாரோ பேட்டரியோ பலியாகும்.

கே.வி. என்ற எண், சுமையில்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு மோட்டார் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றும் என்பதைக் குறிக்கிறது. இரண்டு செல்லில் 7.4 வோல்ட், அதாவது 22,200 சுற்று. மூன்று செல்லில் 11.1 வோல்ட்; 33,300 சுற்று. சுற்று ஒன்றரை மடங்காகிறது, அவ்வளவுதானே என்று தோன்றும். தண்ணீரில் சுழலும் ப்ரொப்பல்லர் அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. அது விழுங்கும் திறன், சுற்றின் மும்மடிக்கு ஏற்ப ஏறுகிறது. ஒன்றரையை மூன்று முறை பெருக்கினால் ஏறத்தாழ 3.4. வோல்ட்டும் ஒன்றரை மடங்கு கூடிவிட்டதால் திறனை அதால் வகுத்தால், மின்னோட்டம் 2.25 மடங்கு. இது பேட்டரியை மட்டும் மாற்றியதன் விளைவு. ப்ரொப்பல்லரின் விட்டமோ இன்னும் கொடியது: ஒரே வடிவில் பெரிதாக்கினால் திறன் விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு ஏற்ப ஏறும். 36இலிருந்து 40க்குப் போவது கண்ணுக்கு 4 மி.மீ.; கணக்கில் 1.7 மடங்கு. இரண்டையும் பெருக்கினால் மின்னோட்டம் பழையதைப் போல ஏறக்குறைய 3.8 மடங்காகிறது. முன்பு முழு வேகத்தில் 35 ஆம்பியர் இழுத்திருந்தால், இப்போது காகிதக் கணக்கில் 133 ஆம்பியர் வருகிறது.

நடைமுறையில் 133 வராது. பாதி நீருக்கு மேலே சுழலும் ப்ரொப்பல்லருக்கு இந்த அடுக்குகள் அச்சொட்டாகப் பொருந்துவதில்லை. தவிர, சுமை ஏற ஏற மோட்டாரின் சுற்றும் பேட்டரியின் வோல்ட்டும் இறங்கும். ஆனால் இரண்டரை மடங்கு என்று குறைத்து வைத்தாலும் அது 60 ஆம்பியர் இ.எஸ்.சி.யையும், 2200 எம்.ஏ.எச் கொள்ளளவு, 25 சி என்று அச்சிட்ட உங்கள் பேட்டரியையும் தாண்டிவிடுகிறது. சி என்பது கொள்ளளவைப் போல எத்தனை மடங்கு ஆம்பியர் தரலாம் என்ற எண். அந்தப் பேட்டரியின் மேலட்டையை நம்பினாலே 2.2ஐ 25ஆல் பெருக்கி 55 ஆம்பியர்தான் கிடைக்கும். மேலட்டையில் போட்டிருக்கும் சி எண்ணைப் பாதியாக எடுத்துக்கொள்வது என் பழக்கம். அதற்காக இதுவரை வருந்தியதில்லை. மோட்டாரின் சுருள் கம்பியில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறுவதால், இரண்டரை மடங்கு மின்னோட்டம் என்பது ஆறு மடங்குக்கு மேற்பட்ட வெப்பம். விரல் வைக்க முடியாததில் வியப்பில்லை.

எரிவதைப் பிடுங்கினால் கொதிப்பது அடங்கும் என்பார்கள். இங்கே எரிவது ப்ரொப்பல்லர். படகுக்குக் கியர்பெட்டி கிடையாது. அந்த வேலையை ப்ரொப்பல்லர்தான் செய்கிறது. வோல்ட்டைக் கூட்டினால் ப்ரொப்பல்லரைச் சிறிதாக்க வேண்டும் என்பது புதிதாக வருகிறவர்களுக்கு நம்பச் சிரமமான விதி. கணக்குப் போட்டே பார்க்கலாம். மூன்று செல்லில் பழைய மின்னோட்டத்தையே வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் 36 மி.மீ. விட்டத்தை ஏறத்தாழ 31 மி.மீ.க்கு இறக்க வேண்டும். ஒரு சுற்றுக்கு எவ்வளவு முன்னேறும் என்பதைக் குறிக்கும் பிட்ச், விட்டத்தைப் போல 1.4 மடங்கு என்று வைத்துக்கொண்டால், பழைய ஏற்பாட்டில் 50 மி.மீ. பிட்ச்சும் 22,200 சுற்றும் சேர்ந்து மணிக்கு 67 கி.மீ.; புதிய ஏற்பாட்டில் 43 மி.மீ. பிட்ச்சும் 33,300 சுற்றும் சேர்ந்து மணிக்கு 86 கி.மீ. இவை வழுக்கலே இல்லாத உலகத்தின் எண்கள். உண்மையில் மோட்டார் சுமையில் ஐந்தில் ஒரு பங்கு சுற்றை இழக்கும், ப்ரொப்பல்லர் தண்ணீரில் வழுக்கும்; முன்பு நீங்கள் பெற்றது 45 கி.மீ. அளவில் இருந்திருக்கும். மின்னோட்டம் மாறாமல் திறன் ஒன்றரை மடங்காகும்போது, தண்ணீரின் எதிர்ப்பைக் கணக்கில் கொண்டால், வேகம் சுமார் 15 விழுக்காடு கூடும் என்று எதிர்பார்ப்பது நியாயம். 45 என்பது 51 அல்லது 52 ஆகலாம். 80 ஆகாது. இந்த ஏமாற்றத்தை இப்போதே பட்டுவிடுவது நல்லது.

இனி நின்றுபோவதைப் பார்ப்போம். படகு நிற்கும்போது சுக்கான் வேலை செய்கிறது என்று நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரிதான் உங்கள் கேள்வியிலேயே மிகவும் பயனுள்ள வரி. சுக்கான் அசைகிறது என்றால் ரிசீவருக்கு மின்சாரம் வருகிறது, சிக்னலும் வருகிறது. சுக்கானும் சேர்ந்து செத்திருந்தால், ரிசீவருக்கு 5 வோல்ட் கொடுக்கும் உள்சுற்று தடுமாறுகிறதா, ஆன்டெனா நீர்மட்டத்துக்குக் கீழே படுத்திருக்கிறதா என்று தேடப் போயிருக்க வேண்டும். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலை தண்ணீருக்குள் ஊடுருவாது. ரிசீவர் ஆன்டெனாவில் உண்மையாக வேலை செய்வது உறை நீக்கப்பட்ட கடைசி 31 மி.மீ. மட்டுமே என்பதால், அந்தத் துண்டு நீர்மட்டத்துக்கு மேலே நேராக நிற்க வேண்டும். மோட்டார் கிரீச்சென்று கத்திக்கொண்டே படகு நகராமல் இருந்திருந்தால், ப்ரொப்பல்லர்த் தண்டை மோட்டாரோடு பிடித்திருக்கும் காலெட் வழுக்குகிறது என்று பொருள். உங்கள் வழக்கில் இரண்டும் இல்லை. மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை இ.எஸ்.சி. தானாகவே நிறுத்துகிறது. அதற்கு இரண்டே காரணங்கள்தான் பெரும்பாலும் இருக்கும்: பேட்டரியின் வோல்ட் சரிந்தது, அல்லது இ.எஸ்.சி. சூடேறியது.

இந்த இரண்டில் எது என்பதை இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. உங்களால் ஒரே ஓட்டத்தில் கண்டுபிடிக்க முடியும். படகு நின்ற உடனே த்ராட்டிலை (வேக விசையை) முழுவதுமாக விட்டுவிட்டு, இரண்டு வினாடி கழித்துக் கால் பங்கு கொடுங்கள். உடனே நகர்ந்தால் வோல்ட் சரிவு: சுமை நீங்கியதும் பேட்டரி மீண்டுவிட்டது. எவ்வளவு முயன்றாலும் அசையாமல், சில நிமிடம் ஆறிய பிறகே கிளம்பினால் வெப்பம். ஐந்து நிமிடம் கழித்து ஓடுகிறது என்று நீங்கள் எழுதியதால் வெப்பத்தின் பக்கமே என் ஐயம் சாய்கிறது; ஆனால் அந்த ஐந்து நிமிடமும் நீங்கள் கால் பங்கு கொடுத்துப் பார்த்தீர்களா, காற்று தள்ளிப் படகு கரைக்கு வரும்வரை காத்திருந்தீர்களா என்பது தெரியாததால் அதை முடிவாகச் சொல்லவில்லை. கரைக்கு வந்ததும் ஒவ்வொரு செல்லின் வோல்ட்டையும் தனித்தனியாக அளந்து குறித்துக்கொள்ளுங்கள். முழுதாக ஏற்றிய செல் 4.2 வோல்ட், ஓட்டம் முடிந்து ஓய்வில் இருக்கும்போது 3.7க்குக் கீழே இறங்காமல் நிறுத்துவது நல்ல பழக்கம். மூன்று செல்லில் ஒன்று மட்டும் மற்ற இரண்டைவிட 0.1 வோல்ட்டுக்கு மேல் தாழ்ந்திருந்தால், குற்றவாளி அந்த ஒரு செல்லாகவே இருக்கலாம். பேட்டரி இலேசாக உப்பியிருக்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். அதில் யோசிக்க ஒன்றுமில்லை; அந்தப் பேட்டரியை இனிமேல் சார்ஜரில் போடாதீர்கள்.

அம்மீட்டர் இல்லாமலேயே சராசரி மின்னோட்டத்தை அறிய ஒரு வழி இருக்கிறது. நான் விலையுயர்ந்த கருவிகளை வாங்கிய பிறகும் இன்றுவரை அதைத்தான் முதலில் செய்கிறேன். முழுதாக ஏற்றிய பேட்டரியோடு கடிகாரம் பார்த்து இரண்டு நிமிடம் ஓட்டுங்கள். திரும்ப ஏற்றும்போது சார்ஜர் எத்தனை எம்.ஏ.எச் உள்ளே போட்டது என்பதைப் பாருங்கள். 1200 என்று காட்டினால், 1.2ஐ 60ஆல் பெருக்கி இரண்டால் வகுங்கள்: சராசரி 36 ஆம்பியர். திருப்பத்தில் விடுவது, நேரில் அழுத்துவது எல்லாம் கலந்த சராசரி என்பதால், முழு அழுத்தத்தில் உச்சம் அதைப் போல இரு மடங்குவரை போகும் என்று வைத்துக்கொள்ளலாம். இந்த ஒரு எண் கையில் இருந்தால் எந்த ப்ரொப்பல்லர், எந்த இ.எஸ்.சி. என்ற விவாதத்தில் பாதி அடங்கிவிடும்.

வெப்பம்தான் என்று தெரிந்தால், மின்னோட்டத்தைக் குறைப்பதற்கு முன்பே தண்ணீர்க் குளிர்விப்பைச் சோதித்துவிடுங்கள். வெளியேற்றுக் குழாயிலிருந்து ஓட்டத்தின்போது தொடர்ந்து ஒரு தாரை பீய்ச்சுவது கரையிலிருந்தே தெரிய வேண்டும். தெரியாவிட்டால், சிரிஞ்சில் தண்ணீர் எடுத்து உள்ளிழுக்கும் முனையில் செலுத்திப் பாருங்கள்; தடையில்லாமல் மறுமுனையில் வர வேண்டும். இங்கே என் சொந்த அவமானம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு படகு இப்படித்தான் நின்று நின்று ஓடியது. மேசையில் வைத்து சிரிஞ்சால் சோதித்தால் தண்ணீர் அருமையாக வரும். குளத்தில் விட்டால் தாரை இருக்காது. இரண்டு வார இறுதிகள் இ.எஸ்.சி.யின் அமைப்புகளை மாற்றி மாற்றிப் பார்த்துச் சலித்த பிறகு, தற்செயலாக மூடியைப் போட்ட நிலையில் சிரிஞ்சை அழுத்தினேன். தண்ணீர் போகவில்லை. மூடியின் உள்பக்க விளிம்பு, மோட்டார் மேலுறையிலிருந்து வளைந்து வரும் சிலிகான் குழாயைச் சரியாக ஒரு மடிப்பில் அமுக்கிக்கொண்டிருந்தது. மேசையில் ஒவ்வொரு முறையும் மூடியைக் கழற்றிவிட்டே சோதித்ததால் அந்த மடிப்பு ஒருநாளும் என் கண்ணில் படவில்லை. அதனால்தான் சொல்கிறேன்: மூடியைப் போட்டு, டேப்பும் ஒட்டி, ஓடும் நிலையிலேயே சோதியுங்கள்.

ஓடி முடித்ததும் எதைத் தொட்டுப் பார்ப்பது என்பதற்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் இணைப்பு முனைகள், பிறகு இ.எஸ்.சி., பிறகு மோட்டார், கடைசியில் பேட்டரி. இணைப்பு முனை அதன் இருபக்கக் கம்பியையும்விடச் சூடாக இருந்தால், பற்றவைப்பு சரியில்லை அல்லது முனை தளர்ந்திருக்கிறது; பெரிய இ.எஸ்.சி. வாங்கியும் தீராத பல புகார்கள் இந்த இடத்தில்தான் முடிந்திருக்கின்றன. வெப்பநிலையை அளக்கும் அகச்சிவப்பு மானி இருந்தால் மோட்டார் மேலுறை 70 டிகிரி செல்சியஸைத் தாண்ட விடாதீர்கள். சாதாரணத் தர நியோடிமியம் காந்தங்களுக்கு 80 டிகிரிதான் எல்லை. அதைத் தாண்டினால் காந்தம் நிரந்தரமாக வலுவிழக்கும். மேலுறையைவிட உள்ளே இருக்கும் காந்தமும் சுருளும் எப்போதும் கூடுதல் சூட்டில் இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். வலுவிழந்த மோட்டாரைக் கண்டுபிடிக்க ஒரு குறிப்பு: காந்தம் குறையும்போது சுமையில்லாச் சுற்று ஏறும். அதனால் முன்பைவிட வேகமாகச் சுற்றுகிறது, மின்சாரமும் அதிகம் குடிக்கிறது, ஆனால் இழுவை இல்லை என்றால் அந்த மோட்டார் ஏற்கெனவே வெந்துபோனது. உங்கள் மோட்டார் அந்தக் கட்டத்துக்குப் போயிருக்குமா? பழைய பேட்டரியையும் பழைய ப்ரொப்பல்லரையும் மாட்டி, முன்பு போல நான்கு நிமிடம் இளஞ்சூட்டோடு ஓடுகிறதா என்று பார்ப்பதுதான் ஒரே சோதனை. எந்த மாற்றத்துக்கும் முன்னால் இதை முதலில் செய்யுங்கள்.

அந்தச் சோதனையிலும் சூடு குறையவில்லையென்றால், சுமை ப்ரொப்பல்லரில் இல்லை, தண்டில் இருக்கிறது. மோட்டாரிலிருந்து தண்டைக் கழற்றி, விரலால் சுழற்றிப் பாருங்கள். ஒரு சீராக, உரசல் ஒலியின்றிச் சுழல வேண்டும். முறுக்கிய எஃகுக் கம்பிகளால் ஆன வளையும் தண்டு, சுமை ஏறும்போது இறுகி நீளம் குறையும். அதற்கு இடம் விடாமல் ப்ரொப்பல்லருக்கு முன்னால் இருக்கும் பிடிப்பானை, படகின் பின்னால் தண்டைத் தாங்கும் ஸ்ட்ரட்டோடு ஒட்டி வைத்துவிட்டால், ஓட்டத்தில் தண்டு சுருங்கிப் பிடிப்பான் ஸ்ட்ரட்டை அழுத்திப் பிரேக் போட்டதுபோல் ஆகிவிடும். 3 மி.மீ. இடைவெளி விடுங்கள். ஸ்ட்ரட்டின் பின்முகத்தில் கண்ணாடிபோல் பளபளக்கும் வளையமோ கருத்த தடமோ தெரிந்தால் இந்தக் கோளாறுதான். இந்தத் தண்டு ஒரு திசையில் சுழல்வதற்காகவே முறுக்கப்பட்டது. மோட்டாரின் மூன்று கம்பிகளில் இரண்டை மாற்றித் திசையைத் திருப்பிவிட்டு ஓட்டினால் முறுக்கு அவிழ்ந்து குழாய்க்குள் விரியும். கிரீஸ் இரண்டு மூன்று ஓட்டங்களுக்கு ஒருமுறை. காலெட் வழுக்குகிறதா என்ற ஐயம் இருந்தால், காலெட்டுக்கும் தண்டுக்கும் குறுக்கே நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்துவிட்டு ஓட்டுங்கள். திரும்பி வரும்போது கோடு உடைந்திருந்தால் விடை கிடைத்துவிட்டது.

படகின் ஆட்டம் தனிக் கோளாறு. ஆனால் வேர் அதே மாற்றத்தில்தான். வி வடிவ அடிப்பகுதி வேகம் கூடக் கூட நீரிலிருந்து மேலெழுந்து, கடைசியில் பின்பக்கத்தில் ஒரு சிறு முக்கோணப் பரப்பின்மேல் மட்டுமே ஓடுகிறது. எடை பின்னால் இருந்தால் மூக்கு அதிகம் எழும், அந்தப் பரப்பு இன்னும் குறுகும். படகு ஒரு பக்கச் சரிவில் சாயும், அந்தச் சரிவு தூக்கிவிட மறுபக்கம் சாயும், ஒவ்வொரு முறையும் சாய்வு வளரும். ப்ரொப்பல்லர் சுழலும் திசைக்கு எதிர்த்திசையில் படகின் உடலைத் திருப்பும் முறுக்கு விசையும் பெரிய ப்ரொப்பல்லரால் கூடியிருக்கிறது. எடைமையத்தைப் பின்பலகையிலிருந்து படகின் நீளத்தில் 30 விழுக்காடு தொலைவில் வைப்பது நல்ல தொடக்கம். உங்கள் 650 மி.மீ. படகுக்கு அது 195 மி.மீ. பேட்டரி உட்பட எல்லாவற்றையும் ஏற்றி, மூடியையும் போட்டு, அந்தக் கோட்டில் இருபக்கமும் விரல் நுனியால் தூக்கினால் படகு சமமாக நிற்க வேண்டும். மூன்று செல் பேட்டரி 180 கிராம் அளவில் இருக்கும். மொத்தப் படகு ஒன்றரை கிலோ என்றால், பேட்டரியை 8 செ.மீ. முன்னே தள்ளினாலும் எடைமையம் 1 செ.மீ.க்குச் சற்றுக் குறைவாகவே நகரும். அந்த ஒரு சென்டிமீட்டர்தான் ஆடும் படகுக்கும் ஆடாத படகுக்கும் உள்ள வேறுபாடு என்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பேட்டரியை முன்னே தள்ளும்போது பலரும் செய்கிற தவறு, பேட்டரிக் கம்பியை நீட்டுவது. பேட்டரிக்கும் இ.எஸ்.சி.க்கும் இடையே கம்பி நீள நீள அதன் தூண்டல் கூடி, இ.எஸ்.சி.யின் உள்ளே நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை நிகழும் மாறுதல்களில் வோல்ட் துள்ளும். அதை விழுங்கிக்கொண்டிருக்கும் மின்தேக்கிகள் சூடேறி வெடிக்கும். இ.எஸ்.சி.யையும் பேட்டரியோடு முன்னே நகர்த்திவிட்டு, மோட்டாருக்குப் போகும் மூன்று கம்பிகளை நீட்டுவது பாதுகாப்பானது. அப்படி நகர்த்தும்போது தண்ணீர்க் குழாய்களும் நீளும்; மேலே நான் சொன்ன மடிப்பை மறந்துவிடாதீர்கள்.

எடைமையம் சரியான பிறகும் ஆடினால், ஸ்ட்ரட்டின் கோணத்தைப் பாருங்கள். படகின் அடிக்கோட்டுக்கு இணையாக, சுழி டிகிரியில் தொடங்குங்கள். தண்டின் பின்முனை கீழ்நோக்கிச் சாய்ந்தால் உந்துவிசை பின்பக்கத்தைத் தூக்கி மூக்கை அமுக்கும். மேல்நோக்கிச் சாய்ந்தால் மூக்கு எழும். ஆடும் படகுக்கு மிகச் சிறிதளவு கீழ்நோக்கிய சாய்வு உதவும். அதிகமானால் மூக்கு நீரைக் குத்தித் திருப்பத்தில் சுழன்றுவிடும். அடுத்தது விளிம்புகள். அச்சில் வார்த்த பிளாஸ்டிக் படகுகளில் பின்பலகையின் கீழ்விளிம்பும் பக்கவிளிம்புகளும் உருண்டையாக இருக்கும். உருண்ட விளிம்பைத் தண்ணீர் விடாமல் பற்றிக்கொண்டு மேலேறி, பின்பக்கத்தைக் கீழே இழுக்கும். எபாக்சி பூசி, காய்ந்த பின் தட்டையான மரக்கட்டையில் உப்புத்தாளைச் சுற்றித் தேய்த்து, நகத்தைக் குறுக்கே இழுத்தால் சுரண்டும் அளவுக்குக் கூர்மையான விளிம்பாக்குங்கள். செலவில்லாத மாற்றங்களில் இதற்கு ஈடானது எனக்குத் தெரியாது. பின்பலகைத் தகடுகள் கடைசி ஆயுதம். அவை ஆட்டத்தை அடக்கும், வேகத்தையும் கொஞ்சம் தின்னும்.

ப்ரொப்பல்லரைப் பற்றி இன்னும் இரண்டு சொல். 440 என்பதுபோல் மூன்று இலக்கம் பொறித்த உலோக ப்ரொப்பல்லர்களில் முதல் இலக்கம் பிட்ச் 1.4 மடங்கு என்பதையும், மற்ற இரண்டும் விட்டம் 40 மி.மீ. என்பதையும் குறிக்கும். வார்ப்பிலிருந்து அப்படியே வரும் உலோக ப்ரொப்பல்லரைக் கூர்தீட்டிச் சமநிலைப்படுத்தாமல் 30,000 சுற்றில் ஓட்டினால் அதிர்வு ஸ்ட்ரட்டின் புஷ்ஷைச் சில ஓட்டங்களிலேயே தின்றுவிடும். ஆனால் அவற்றில் பல பெரிலியம் கலந்த செம்பால் ஆனவை. அந்தத் தூள் நுரையீரலில் தீராத நோயை உண்டாக்கும். தேய்ப்பதானால் தண்ணீரில் நனைத்துக்கொண்டே தேயுங்கள், முகமூடி போடுங்கள், மின்தேய்ப்புக் கருவியைத் தொடாதீர்கள். அல்லது தீட்டிச் சமநிலைப்படுத்தியதையே வாங்கிவிடுங்கள். முதல் ப்ரொப்பல்லருக்கு நான் அதையே சொல்வேன். கிளம்பும்போது படகு நகராமல் மோட்டார் மட்டும் சீறுவதைக் கேவிட்டேஷன் என்று எழுதியிருந்தீர்கள். பெரும்பாலும் அது நீர்மட்டத்திலிருந்து காற்றை உறிஞ்சிக்கொள்வதுதான். கேவிட்டேஷன் என்பது அழுத்தம் குறைந்த இடத்தில் நீரே ஆவியாகிக் குமிழ்வது. பாதி மேலே இருக்கும் ப்ரொப்பல்லரில் காற்று கலப்பது இயல்பு. த்ராட்டிலை ஒரேயடியாக அழுத்தாமல் படிப்படியாகக் கொடுத்தால் பிடித்துக்கொள்ளும்.

கவிழ்ந்த படகைப் பற்றி ஒன்று. உங்களுடையது தானே நிமிரும் வகை என்றால், அதன் ஒரு பக்கத்தில் நீர் புகுந்து எடை கொடுக்கும் அறை இருக்கும். மிதவைக்காக அங்கே நுரையைத் திணித்துவிடாதீர்கள், நிமிராது. நுரை மூக்குப் பகுதியில் இருக்கட்டும். தண்ணீர் எங்கிருந்து புகுகிறது என்று அறிய, உட்புறத்தில் தண்டுக் குழாயின் முனையிலும் சுக்கான் கம்பி நுழையும் இடத்திலும் மெல்லிய காகிதத் துண்டுகளை ஒட்டிவிட்டு ஒரு நிமிடம் ஓட்டுங்கள். நனைந்த துண்டு ஓட்டையைக் காட்டிக்கொடுக்கும். நின்றுபோன படகை எடுக்க நீந்திப் போகாதீர்கள். தூண்டில் நரம்பில் ஒரு பந்தைக் கட்டி, படகைத் தாண்டி எறிந்து மெல்ல இழுத்தால் வந்துவிடும்.

ஆகவே முதலில் பழைய பேட்டரி, பழைய ப்ரொப்பல்லர். மோட்டாரின் நிலையும் தண்ணீர்த் தாரையும் சரிதானா என்று உறுதி செய்யுங்கள். அது தேறினால் நல்ல மூன்று செல் பேட்டரியும் 31 அல்லது 32 மி.மீ. ப்ரொப்பல்லரும், எடைமையம் 195 மி.மீ.இல். முதல் ஓட்டம் ஒரு நிமிடம் மட்டும். கரைக்குக் கொண்டுவந்து தொட்டுப் பாருங்கள். பிறகு இரண்டு நிமிடம். அதற்குப் பிறகும் நின்றுபோனால், சார்ஜர் திரும்ப ஏற்றிய எம்.ஏ.எச், மோட்டார் மேலுறையின் வெப்பநிலை, மூன்று செல்லின் தனித்தனி வோல்ட், கால் பங்கு த்ராட்டில் சோதனையில் என்ன நடந்தது என்ற நான்கையும் எழுதுங்கள். ஸ்ட்ரட்டைப் பக்கவாட்டில் எடுத்த படம் ஒன்றும் சேர்த்துப் போட்டால், கோணத்தையும் இடைவெளியையும் பார்த்துச் சொல்கிறேன்.